ஏணி தெரியாத படம்

ஏழு மணி சங்கு ஊத இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த பைப் கம்பெனிக்கு எதிர்ச்சாரியில், புளியமரத்தடியில் ஏணியைக் கிடத்திவிட்டு அண்ணாந்து நின்றான் சாலமோன். கேட்டுக்கு மேலே கிழக்குப் பார்த்த கேமரா. மத்தியானம் பார்த்தால் படம் பளிச்சென்று இருக்கும். காலையில் ஷிஃப்டுக்கு ஆள் வரும் நேரம் பார்த்துப் பாலைக் கொட்டினாற்போல் வெளுத்துவிடும். வருகிறவர் மூஞ்சி முகரை எதுவும் தெரியாது.

முதல் நாளே கேபிளை மாற்றினான். கேமராவைக் கீழே சாய்த்தான். வெயிலுக்குத் தகரம் வைத்து மறைத்தான். பத்து நாளாக அது அவனைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கும் சரியாகாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனி ஆபீசர் குப்புராஜ் சொல்லியாகிவிட்டது. அப்படியானால் நீயும் வராதே என்றார் அவன் வேலை பார்க்கும் கவரைப்பேட்டை கேமராக் கடை முதலாளி. வள்ளூரில் கான்ட்ராக்ட் வேலை போய் எட்டு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்தவன் சாலமோன். மறுபடியும் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார அவனுக்குப் பயமாக இருந்தது.

ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கினாள் ஆரோக்கியமேரி. கம்பெனிக்குள் கூட்டிப் பெருக்கும் கான்ட்ராக்ட் ஆள். இன்னும் சரியாகவில்லையா என்று விசாரித்தாள். ஆயுத பூஜை லீவு முடிந்ததிலிருந்தே இப்படித்தான் என்று அவன் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"பூஜை அன்னிக்கு வாச்மேன் அண்ணன் அதுக்கும் சந்தனம் பூசி பொட்டு வெச்சாரு தம்பி. மறுநாளு துண்டால தொடச்சி வுட்டாரு. நான்தான் ஏணி புடிச்சினு இருந்தேன்."

கேட்டிலிருந்த வாச்மேன் தணிகைவேல் தலையைச் சொறிந்தார். எல்லா மெஷினுக்கும் வைத்தார்கள், இதுவும் மெஷின்தானே என்றார். சாலமோனுக்குச் சுருக்கென்றது. பத்து நாளும் தூசியை ஊதித் தட்டினானே ஒழிய, கண்ணாடியைக் கழுவிப் பார்க்கவில்லை. எதிர்வெயில் பட்டால்தான் தெரியும் அந்த மெல்லிய சந்தனப் படலம்.

ஆரோக்கியமேரி சாப்பாட்டுப் பையை மரத்தடியில் வைத்துவிட்டு ஏணியின் மறுமுனையைத் தூக்கினாள். கேட்டருகே ஜல்லியில் ஏணி ஆடியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் தெளித்து, மெல்லிய துணியால் அவன் துடைக்கத் துடைக்கத் துணியில் மஞ்சள் இறங்கியது. சங்கு ஊதியது. நான் பார்த்துக்கொள்கிறேன், போ அக்கா என்றான். விழுந்து தொலைக்கப் போகிறாய் என்று அவன் இறங்கும்வரை விடவில்லை அவள். பிறகுதான் பையை எடுக்க ஓடினாள்.

குப்புராஜ் வந்து, வாச்மேன் அறையில் அன்றைய பதிவை ஓட்டிப் பார்த்தார். முதலில் வெளுப்பு, பிறகு துணி, பிறகு தெளிந்த படம். கடைசியாக வந்தவர்களின் அடையாள அட்டை எண்கூடப் படிக்க முடிந்தது. இனி எல்லா கேமராவையும் நீயே பார் என்று தோளில் தட்டினார். சாலமோனுக்கு உயிர் வந்தது. பெண்டாட்டி சுகிர்தாவுக்கு உடனே போன் பண்ண வேண்டும்போல் இருந்தது.

குப்புராஜ் படத்தை நிறுத்தினார். மூலையில் நேரம் ஏழு நாலு. பையை மார்போடு அணைத்து ஓடிவருகிறாள் ஆரோக்கியமேரி. தணிகைவேலின் நோட்டில் அவள் பெயருக்கு நேரே ஏழு என்று எழுதியிருந்தது. ஐந்து நிமிஷம் வரைக்கும் அவர் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுவார். அதைத் தடுக்கத்தானே இந்த கேமராவே வந்தது.

லேட்டு, இன்றைக்கு வேலையில்லை, வெளியே அனுப்பு என்றார் குப்புராஜ்.

"சார், எனக்கு ஏணி புடிச்சிக்கினு இருந்தாங்க சார். அதான் லேட்டு."

"படத்துல ஏணி எங்கப்பா இருக்குது?"

சாலமோன் பார்த்தான். அந்த கேமராவுக்குத் தன் காலடி தெரியாது; ஏணி நின்றது அங்கேதான். ரோடு தெரிந்தது, புளியமரம் இலை இலையாகத் தெரிந்தது. சற்று நேரத்தில், பதிவை மூடியபின் ஓடிய நேரடிப் படத்தில், பிரிக்காத சாப்பாட்டுப் பையோடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஆரோக்கியமேரி அந்த மரத்தை நோக்கி நடந்துபோனாள். இரண்டு உள்ளங்கையையும் புடவையில் துடைத்துக்கொண்டே போனது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.