நூலகத்துக்கு அனுப்பிய ஐந்து பேர்

வாத்தியார் வேலை நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொல்கிறவர்களைப் பிடித்துவந்து ஒரு வாரம் ஆறாம் வகுப்பில் நிறுத்த வேண்டும். அதுவும் சாயங்காலம் முழுக்க மருந்துக்கடையில் நின்றுவிட்டு, விடிந்ததும் கரும்பலகை முன்னால் நிற்கச் சொல்ல வேண்டும். அப்போது தெரியும் சேதி. பிள்ளைகள் 'சின்ன டீச்சர்' என்று கூப்பிட்ட அந்தப் பெண்ணுக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. கணக்கில் பட்டம் வாங்கி, வேலை தேடிச் செருப்புத் தேய்ந்து, வேறு வழி எதுவும் திறக்காமல் கடைசியில் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தவள் அவள். பாதம் எரியும். படுத்தாலும் எரியும்.

பயிற்சியில் மற்றதிலெல்லாம் தேறிவிட்டாள். மிச்சம் ஒன்றே ஒன்று. பயிற்சிக் கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்து பின்வரிசையில் உட்காருவார். அவர் கண்முன்னால் ஒரு பாடத்தைத் தொடங்கி, மணி அடிப்பதற்குள் முடித்துக் காட்ட வேண்டும். போன வருடம் வகுப்பு சந்தைக்கடை ஆகி, பாடம் பாதியில் நின்று, தோற்றுப் போனாள். இந்த வருடமும் போனால் அவ்வளவுதான். அக்கா சொல்லிவிட்டாள்.

அக்கா வீட்டில்தான் சாப்பாடு, ஹாலில் படுக்கை. அக்கா கெட்டவள் இல்லை, பாவம், களைத்துப் போனவள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற பிரிவில் நாள் முழுக்க ஈரத்தில் நிற்கிறவள். மேற்பார்வையாளர் வரவிருந்த நாள் காலையில் தங்கையின் உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

"இங்க பாருடி, மூணாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது. எனக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்கு, அதுவும் வலிக்குது. இன்னைக்குத் தேறலைன்னா பேசாம மருந்துக்கடையில முழுநேரமா நின்னுடு."

"சரிக்கா."

"சரிக்கான்னுதான் போன வருஷமும் சொன்னே."

அத்தான் வாயில் பிரஷ்ஷோடு தலையை நீட்டினார். "ப்ரொபசரம்மா, பிள்ளைங்க அடிச்சா திருப்பி அடிச்சிடாதீங்க. மார்க்கு குறைச்சிடுவாங்க."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவும் தெம்பில்லை.

மேற்பார்வைப் பாடத்துக்கு ஒத்திகை பார்ப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதாத வழக்கம், எல்லாப் பயிற்சி டீச்சரும் செய்கிற வழக்கம். அதே பாடத்தை அதே பிள்ளைகளுக்கு முன்கூட்டியே நடத்திவிடுவார்கள். எந்தக் கேள்விக்கு யார் எழுந்திருப்பது என்பதுகூடப் பேசி வைத்ததுதான். அன்றைக்கு மேற்பார்வையாளர் வரும்போது பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்கிறவர்கள் மாதிரி கண்ணை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சின்ன டீச்சரும் வாரம் முழுக்கப் பின்னங்களைக் கூட்டும் பாடத்தை ஒத்திகை பார்த்தாள். வகுப்பு கிளி மாதிரி ஒப்பித்தது. ஐந்து பேரைத் தவிர.

இரட்டையர் இருவர் ஒருவரைப் பார்த்து ஒருவர் தப்பாக எழுதுவார்கள். தூங்குமூஞ்சி தூங்குவான். வாலு ஒரு இடத்தில் இருக்க மாட்டான். ஐந்தாவது வாயாடி, பெயருக்கு ஏற்ற பெண். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஒவ்வொரு முறையும் "அஞ்சில ரெண்டு" என்று அடித்துச் சொல்வாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுவாள். தப்பு என்றால் கோபித்துக்கொள்ளவும் மாட்டாள், திருத்திக்கொள்ளவும் மாட்டாள்.

வகுப்பின் சொந்த ஆசிரியை பெரிய டீச்சர். அவர்தான் வழி சொன்னார், திருத்திக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"அந்த அஞ்சு பேரையும் அந்த நேரத்துக்கு லைப்ரரிக்கு அனுப்பிடும்மா. புத்தகம் படிக்கட்டும்."

"தப்பில்லையா டீச்சர்?"

"ஊரே செய்யுது. நீ ஒருத்தி மட்டும் அரிச்சந்திரனா? முதல்ல தேறி வெளிய வா. அப்புறம் ஆயுசு பூரா அதுங்களுக்குத்தானே சொல்லிக் கொடுக்கப் போறே."

அதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. களைத்த மனதுக்கு எந்த நியாயமும் நியாயம்தான். மேற்பார்வை நாள் காலையில் ஐந்து பேரையும் வராந்தாவில் நிறுத்திவைத்து, "பின்னம் சரியா வராதவங்க மட்டும் கொஞ்ச நேரம் லைப்ரரில இருங்க, நான் கூப்பிடறேன்" என்று பதமாகத்தான் சொன்னாள். அவர்களும் சமர்த்தாகப் போனார்கள். வாலுகூட நடந்துதான் போனான். அவர்கள் போன பிறகு வகுப்பைத் திரும்பிப் பார்த்தால், பொய் சொல்வானேன், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. இத்தனை நாளில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

மேற்பார்வையாளர் வந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஆளைக் காணோம். பிள்ளைகள் கண்ணை விரித்து விரித்துக் களைத்து, பிறகு கொட்டாவி விட ஆரம்பித்தார்கள். நடந்தது என்னவென்றால், தலைமை ஆசிரியர் அறையில் அன்று வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வந்தவரை வாளிக்கும் ஏணிக்கும் நடுவில் உட்கார வைக்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் உடையாத நாற்காலி இருக்கிற இன்னொரு அறை நூலகம்தான். தலைமை ஆசிரியர் மரியாதையாக அவரை அங்கே உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வகுப்பு வாசலில் மேற்பார்வையாளர் வந்து நின்றபோது அவர் பின்னால் ஐந்து பேரும் வரிசையாக நின்றார்கள். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய அம்மாள். ஒரு கையில் பை, மறு கையில் வாலுவின் கை.

"உன் பிள்ளைங்க அங்க இருந்தாங்கம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்கன்னு கேட்டேன். 'எங்களுக்கு வராது, அதனால எங்களை இங்க வச்சிருக்காங்க'ன்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு."

வாயாடி பெருமையோடு தலையாட்டினாள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்ட பெருமை.

சின்ன டீச்சருக்குக் காது மடல் எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் என்றால் அது எப்போது கேட்ட நேரத்தில் பிளந்திருக்கிறது? ஐந்து பேரும் உள்ளே வந்து இடம் தேடி உட்கார்ந்தார்கள். மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்து, "தொடங்கும்மா" என்றார்.

தொடங்கினாள். கரும்பலகையில் அரையை எழுதி, பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுவதற்குள் பின்னாலிருந்து நாலைந்து குரல் "ஆறில் அஞ்சு" என்றது. கேள்வியே இன்னும் வரவில்லை. மேற்பார்வையாளர் பேனாவை மூடினார்.

"இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரியாதவங்களுக்குச் சொல்லிக்குடு."

தலைக்கு மேல் வெள்ளம் போய்விட்டது, இனி சாண் என்ன, முழம் என்ன? அவள் வாயாடியைப் பார்த்தாள். "நீ சொல்லு."

"அஞ்சில ரெண்டு."

இதுவரை அந்தப் பதிலுக்கு அவள் 'தப்பு, உட்காரு' என்றுதான் சொல்லியிருக்கிறாள். அன்று ஏனோ, ஒருவேளை சொல்லவும் அலுத்துப்போய், "சரி, அதை வரைஞ்சு பார்ப்போம்" என்றாள். வாயாடியைப் பலகைக்குக் கூப்பிட்டு ஒரு ரொட்டி வரையச் சொன்னாள். அதில் பாதியைத் தீட்டச் சொன்னாள். அந்தப் பாதியோடு மூன்றில் ஒரு பங்கு ரொட்டியும் சேர்கிறது என்றாள். பிறகு கீழே அதே அளவில் இன்னொரு ரொட்டி, ஐந்து துண்டு, அதில் இரண்டு. பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு தீட்டினாள். தீட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்தோம்ல, டீச்சர்?"

"ஆமா."

"சேர்த்த பிறகு பாதிக்கும் கம்மியா இருக்கு." இடுப்பில் கை வைத்துக்கொண்டு வகுப்பைத் திரும்பி முறைத்தாள். "மிச்சத்தை யார் தின்னது?"

வகுப்பு சிரித்துக் கலைந்தது. தூங்குமூஞ்சி விழித்துக்கொண்டான். இரட்டையர் முதன்முறையாக ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் தனித்தனியே ரொட்டி வரைந்தார்கள். துண்டெல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் எண்ண முடியும் என்று வாலு நின்ற இடத்திலிருந்தே கத்தினான். ஆமாம், அதுதான் விஷயம். அதைச் சொல்லி, வெட்டி, எண்ணி முடிக்க வேண்டியதுதான் பாக்கி. மணி அடித்துவிட்டது.

வராந்தாவில் மேற்பார்வையாளர் சுவரில் சாய்ந்து ஒரு செருப்பைக் கழற்றிப் பாதத்தை அழுத்திக்கொண்டார்.

"பாடம் முடியலையேம்மா."

"முடியலைங்க."

"நான் எத்தனையோ வருஷமா பின்பெஞ்சுல உட்கார்றேன். எல்லா வகுப்பும் கெட்டிக்கார வகுப்பாவே இருக்கும். எப்படின்னு நானும் கேட்டதில்லை, அவங்களும் சொன்னதில்லை." செருப்பை மாட்டிக்கொண்டார். "விதிப்படி இன்னைக்கு உனக்குத் தேர்ச்சி போட முடியாது. ஆனா நாளைக்கு இந்தப் பக்கம்தான் வரேன், இன்னொரு தடவை பார்க்கறேன். ஒரு பாடம், மணிக்குள்ள முடியணும். யார் உள்ள இருக்கா, யார் இல்லைன்னு நான் எண்ண மாட்டேன். நேரா வகுப்புக்கே வந்துடறேன். புரியுதா?"

புரிந்தது. மனமிரங்கித்தான் சொன்னார், அதுவும் புரிந்தது. ஐந்து பேர் இல்லாவிட்டால் நாளைக்குப் பாடம் முடியும், தேறிவிடலாம், அக்காவின் முகத்தைத் தைரியமாகப் பார்க்கலாம். அவர்கள் இருந்தால் முடியாது. இன்று பார்த்த பிறகு அதில் சந்தேகமே இல்லை. ஒரு ரொட்டிக்கே ஒரு மணி நேரம் ஆகிறது. கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவளுக்கு, ஓவென்று அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், "ரொம்ப நன்றிங்க" என்றாள்.

வகுப்பில் எல்லோரும் வெளியே ஓடியிருந்தார்கள். வாயாடி மட்டும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"அந்தம்மா நாளைக்கும் வர்றாங்களா, டீச்சர்?"

"வர்றாங்க. ஒட்டுக் கேட்டியா?"

"சன்னல் திறந்திருந்துச்சு." அதில் அவளுக்கு ஒரு குற்ற உணர்வும் இல்லை. "லைப்ரரிக்குப் போனா மறுபடி மாட்டிக்குவோம். சைக்கிள் நிறுத்துற இடத்துக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கறோம். அங்க யாரும் வர மாட்டாங்க. அவங்க நாலு பேரையும் நானே கூட்டிட்டுப் போயிடறேன்."

"வேண்டாம். நீங்க இங்கதான் இருக்கணும்."

"அப்புறம் நீங்க ஃபெயிலாயிடுவீங்களே."

சின்ன டீச்சருக்கு வாயில் பொய் எதுவும் வரவில்லை. "ஆகலாம்," என்றாள்.

பெண் பெரிய மனுஷி மாதிரி சமாதானம் சொன்னாள். "எனக்கு ஃபெயிலாகிப் பழக்கம், டீச்சர். ஒண்ணும் செய்யாது. உங்களுக்குத்தான் கஷ்டமா இருக்கும். நாங்க போயிடறோம், பரவாயில்லை."

சின்ன டீச்சர் அவள் தோளிலிருந்து பையை வாங்கினாள். பை கனத்தது. அதை முதல் வரிசை பெஞ்சில் வைத்து, "நாளைக்கு உன் இடம் இது" என்றாள். பிறகு டஸ்டரை எடுத்துக்கொண்டு, அக்காவிடம் இதை எந்த வாயால் சொல்வது என்று யோசித்தபடியே கரும்பலகையை அழிக்கப் போனாள்.