மார்னி கறுப்புக் கட்டங்களோடு பேசியது

1

இந்தக் கதை ஒரு புலம்பலில் பிறந்தது. அமெரிக்காவில் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் எங்கள் சமுதாயக் கல்லூரியில் உயிரியல் நடத்தும் மார்னி ஓஸ்ட்பி, வரலாறு நடத்தும் என்னிடம் போனில் சொன்னாள்: "ஆன்லைன் வகுப்புல ஒருத்தரும் கேமராவத் திறக்கல, வெறும் கறுப்புக் கட்டங்களுக்குப் பாடம் நடத்துறேன்டி. கல்லறையில பேசினாக்கூட காக்கா ஏதாவது பதில் சொல்லும்."

கொரோனாவால் கல்லூரியைப் பூட்டிய மார்ச் அது. முதல் வரியாக 'ஏரியைப் போலவே வகுப்பறைகளும் உறைந்து...' என்று ஆரம்பித்தேன். [அடித்துவிட்டேன். ஏரிக்கு இதில் வேலையில்லை.]

2

வகுப்பில் இதயத்தைப் பற்றி நடத்தும்போது மார்னி மேசைமேல் ஏறி நிற்பாள். மாணவர்களையே ரத்தமாக்கி அறை முழுக்க ஓடவிடுவாள். அதே கூத்தை ஒன்றேகால் மணி நேரம் கேமரா முன்னால் தனியாக ஆடினாள். சிரிப்புச் சத்தமே இல்லை. முடிந்ததும் எல்லாரும் போய்விட, ஒரு கட்டம் மட்டும் மிச்சமிருந்தது: கர்ட்டிஸ். நர்சிங்கில் சேர இந்தப் பாடத்தில் தேறியே ஆகவேண்டியவன். அவனுக்கென்றே இன்னும் கொஞ்சம் விளக்கினாள்.

மறுநாள் அவனுக்குப் போன் போட்டாள்.

"நேத்து நீ அங்க இருந்தியா, இல்லியா?"

"இல்லைங்க மார்னி. கடையில பெட்டி அடுக்கிட்டிருந்தேன். ஷிப்டை மாத்திட்டாங்க. போன் பாட்டுக்குப் பையில பேசிட்டிருந்துச்சு. இந்தப் பாடத்தையே விட்டுடலாம்னு இருக்கேன்."

(இங்கே மார்னி அழுதாள் என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள்: "நான் எங்கடி அழுதேன்? கோபம்தான் வந்துச்சு. அவன்மேல இல்ல, என்மேல. அத எழுது." எழுதியாயிற்று.)

3

பாடத்தைத் துண்டு துண்டாக நறுக்கிப் பதிவுசெய்து, முடிந்தபோது பார்த்துக்கொள்ளச் சொன்னாள். [ஜோக்குகளையும் சேர்த்து நறுக்க வேண்டியிருந்தது. அதில்தான் அவளுக்கு வலி.] கர்ட்டிஸின் இடைவேளைக்குத் தோதாக நேரலையை மாற்றினாள். அதில் விரிவுரையே கிடையாது.

"நாடி பிடிச்சு எண்ணுங்க. மாடிப்படி ஏறி இறங்கிட்டு மறுபடி எண்ணுங்க. ஏன் மாறுச்சுன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க."

பிறகு ஒரு குரல்: "எங்க வீட்ல மாடியே இல்லியே, ஆடலாமா?"

"ஆடு!"

ஒரு கட்டம் திறந்தது. பைஜாமாவில் ஒரு பெண் குதிக்க, பக்கத்தில் நாய் குரைத்தது. இன்னொரு கட்டம், இன்னொன்று. கடைசியாகக் கர்ட்டிஸ், கடைக் கிடங்கில் ஏணி ஏறி இறங்கி மூச்சு வாங்க: "தசைக்குக் கூடுதலா ஆக்சிஜன் வேணும், அதான் இதயம் வேகமா அடிக்குது. சரியா?"

பின்னாலிருந்து மேனேஜர்: "டேய், உனக்கு என்ன ஆச்சு?"

"படிக்கிறேன் சார்!"

மார்னி சிரித்தாள். இந்த முறை மற்றவர்களும் சிரித்தது அவளுக்குக் கேட்டது.

4

முதல் முடிவு: கர்ட்டிஸ் தேறினான். நிஜமாகவே தேறினான். ஆனால் அதோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும். கடைசிவரை கட்டத்தைத் திறக்காத ஒரு மாணவி இருந்தாள். எத்தனை முறை கூப்பிட்டும் போனை எடுக்கவில்லை, காணாமலே போனாள்.

இரண்டாம் முடிவு: கல்லூரி திறந்ததும் மார்னி ஓடோடி வந்து... [இல்லை. வரவில்லை. இன்னும்.]

கட்டடம் திறக்கப் போகிறது. வகுப்பறையா, இணையமா, ஒன்றைத்தான் தர முடியும், எது வேண்டும் என்று கல்லூரி டீன் அவளிடம் கேட்டிருக்கிறார்.

"பசங்க மூஞ்சியப் பாக்கணும்போல இருக்கு. ஆனா ஷிப்டுல இருக்கவன் எப்படி வருவான்? நீதான எழுதுற, நீயே முடிச்சு விடேன்" என்றாள்.

"எனக்குத் தெரியலடி."

"அப்ப படிக்கிறவங்களக் கேளு. ரெண்டும் நல்லதுதான்னு வழுக்குறவங்க கணக்குல வேணாம். சீக்கிரம்டி, டீன் இன்னொரு லைன்ல காத்துட்டிருக்கார்."