வால் எலும்புக்குச் சாட்சி சொன்ன காக்கை

கீழே எழுதியிருப்பதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும்.

நானும் என் மனைவியும் ஒரு மருத்துவ அகராதி அலுவலகத்தில் வேலை பார்த்தோம். சொற்களின் பிறப்பை எழுதுவது அவள். அச்சுப்பிழை பார்ப்பது நான். எங்கள் பதிப்பாசிரியருக்குப் பட்டப்பெயர் 'சாட்சி'. தம் கண்ணால் பார்க்காத எதையும் அகராதியில் ஏற்றமாட்டார். 'இருமல்' என்ற சொல்லுக்காக அலுவலகமே வரிசையில் நின்று இருமிக் காட்டியது.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அவர் கையெழுத்துப் போட வேண்டிய சீட்டு, காக்ஸிக்ஸ். அதாவது முதுகெலும்பின் அடி நுனியில் இருக்கும் வால் எலும்பு. அந்த ஒரு சீட்டுக்கு என் மனைவி பதினொரு மாதம் உழைத்திருந்தாள்.

"கிரேக்கத்துல இது கொக்கூக்ஸ், ஐயா. குயில்னு அர்த்தம். எலும்பு குயில் மூக்கு மாதிரி இருக்கறதால அந்தப் பேரு. ஒண்ணுக்கு மேல போனா கொக்கூகெஸ். இத்தாலிக்குப் போய் கொச்சிஜே ஆச்சு, பன்மையில கொச்சிஜி. ஸ்பானிஷ்ல கோக்ஸிஸ். அங்க ஒண்ணுன்னாலும் நூறுன்னாலும் கோக்ஸிஸ்தான்."

"புகுந்த வீட்டுக்கு ஒரு நடையா இருக்கே," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க."

சாட்சி சிவப்புப் பேனாவைத் திறந்தார். "பன்மையெல்லாம் சரிம்மா. குயில் மூக்கு மாதிரின்னு யாரு பார்த்தா? அடிச்சிடறேன்."

"குயில அடிச்சீங்கன்னா நாளையிலேர்ந்து நான் வரல."

அவள் வராத அலுவலகத்தில் நான் யார் எழுத்தில் பிழை தேடுவேன்? மாதிரிக்கு வைத்திருந்த வால் எலும்பைத் தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்தேன்.

மூன்றாவது நிமிடம் ஒரு காக்கை வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தது. குயில் குஞ்சைத் தன் குஞ்சென்று வளர்த்தே பழகிப்போன இனம். பறந்து போய், ஒரு புழுவோடு திரும்பி, எலும்பின் நுனியில் ஊட்டப் பார்த்தது. எலும்பு வாயைத் திறக்கவில்லை. காக்கை முறைத்துவிட்டு, புழுவைப் பக்கத்தில் வைத்து, இரண்டு அதட்டு அதட்டிவிட்டுப் போனது.

"வளர்த்தவளே சொல்லிட்டா. இடையில நான் யாரு?" என்று கையெழுத்துப் போட்டார் சாட்சி. மணி நான்கு ஐம்பத்தெட்டு.

என் மனைவி என் காதருகே குனிந்தாள். "காக்காய்க்கு எத்தன நாளா பாடம் எடுத்தீங்க?"

"உன்மேல சத்தியமா ஒரு நாளும் இல்ல."

எங்கள் அகராதி 'ஔடதம்' என்ற சொல்லோடு நின்றுபோனது. காக்ஸிக்ஸ் வர வேண்டிய 'க'வில் ஒரு சீட்டுகூட எழுதப்படவில்லை.