டார்சி கொண்டுவந்த தண்ணீர்

குளிர்காலம் முழுக்க மழையில்லை. ஆனாலும் வெர்னாவின் பண்ணைக்குட்டையில் தண்ணீர் ஏறியிருந்தது. மீன்களைக் கணக்கெடுக்க வந்த நான் அதைப் பார்த்ததுமே வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

ஓடை வற்றிய பிறகு, எங்களுக்குத் தெரிந்து, பிக்மி பெர்ச் என்ற குட்டி மீன் அந்தக் குட்டையில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. விரல் நீளம்கூட இராது. முன்பொரு வெள்ளத்தில் ஓடை கரை மீறியபோது உள்ளே வந்து தங்கிவிட்ட மீன்கள். வாத்துக் காலில் முட்டை ஒட்டிக்கொண்டு வந்தது என்பார் பக்கத்துப் பண்ணை டார்சி. நான் மறுத்ததில்லை. அவரிடம் பேசவே கூச்சம்.

அவர் தன் தண்ணீர் லாரியில் சாய்ந்து நின்றிருந்தார்.

"வாம்மா, மீன் டாக்டரு. குட்டைய ரொப்பிட்டேன் பாத்தியா?"

"தண்ணி எங்கேருந்து?"

"பெரிய வாய்க்கால்லேர்ந்துதான். வெர்னா கண் ஆபரேஷனுக்குப் போன அன்னிக்கே ஆரம்பிச்சேன். கேட்டா வேணாம்னுருப்பா. அவ்ளோ திமிரு."

"கண்ணுலதான் ஆபரேஷன். காது நல்லாத்தான் இருக்கு," என்றபடி வெர்னா வேலியைத் தாண்டி வந்தாள். ஒரு கண்ணில் கட்டு.

"உன் மீனுங்க எப்படிப் பெருகியிருக்கு பாரு," என்று டார்சி எனக்குக் கரையோரம் கைகாட்டினார்.

மேல்மட்டத்தில் சாம்பல் நிறக் கூட்டம். மேல்நோக்கிய வாய். வயிற்றில் கரும்புள்ளி. கம்பூசியா, வெளியிலிருந்து வந்த கொசுமீன். முட்டையிடாமல் குட்டியாகவே ஈனும். மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் கடித்தே கொன்றுவிடும்.

"இது அது இல்ல," என்றேன்.

"என்னது?"

"என் மீன் இல்ல இது. வாய்க்கால் மீன்."

டார்சி தொப்பியைக் கழற்றினார். பிறகு மறுபடி போட்டுக்கொண்டார்.

மூன்று பேரும் வலையோடு இறங்கினோம். சேறு முழங்காலைப் பிடித்து இழுத்தது. ஒவ்வொரு இழுப்பிலும் கம்பூசியாதான் துள்ளியது. அவற்றைக் கரையில் கொட்டினோம். எப்போதாவது ஒரு பெர்ச் வந்தது, வால் கந்தலாகி.

"எதுல விடறது?" என்றாள் வெர்னா.

ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் பழைய குளியல் தொட்டி இருந்தது. குளோரின் இல்லாத சுத்தமான தண்ணீர் வேண்டும் என்றேன். அவள் வீட்டு மழைத்தொட்டியைத் தட்டிப் பார்த்தாள். வெகு கீழே வரை வெற்று ஒலி. அவளுக்குக் குடிக்க இருந்தது அவ்வளவுதான். அப்படியும் குழாயைத் திறந்தாள்.

சாயங்காலம் தொட்டிக்குள் பார்த்தேன். எல்லாத் துடுப்பும் சிவப்பு. எல்லாம் ஆண்.

"பொட்டையே இல்லையா?" என்றார் டார்சி.

"ஒண்ணாவது வேணும்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாய்க்குள்ளயே முணுமுணுத்தா எவனுக்குக் கேக்கும்?"

"அவள ஏன்யா திட்டற? வலையப் புடி."

நாணல் வேர்களுக்கடியில் இழுத்தபோது ஒன்று வந்தது. வெளிறிய துடுப்பு, புடைத்த வயிறு. வாலில் பாதி இல்லை. உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்த் தொட்டியில் விட்டேன். அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது.

"பொழைக்குமா?" என்றாள் வெர்னா.

"தெரியல."

"முட்டையாவது போடுமா?"

அதுவும் தெரியவில்லை.

டார்சி எங்களைப் பார்க்கவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகச் சேற்றில் இறங்கினார். நான் பின்னாலேயே போய் மறுமுனையைப் பிடித்தேன்.