இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

ஆயுத பூஜைக்கு முந்தின சாயங்காலம் வனஜா உட்கார்ந்து கட்டிய சாமந்தி மாலை, மறுநாள் காலையில் வண்டிக்குப் பத்தவில்லை. அவள் அளவு தப்பாகக் கட்டவில்லை. வண்டிதான் மாறியிருந்தது.

பழைய வண்டியின் அளவு அவள் கைக்குத் தெரியும். இந்தப் பக்கத்துக் கண்ணாடியில் முடிந்து, பானட்டின் மேல் தொங்கவிட்டு, அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் முடிந்தால் கச்சிதமாக இருக்கும். "சர்வீஸுக்கு விடறேன்மா, பூஜைக்குள்ள வந்துடும்" என்று மகன் தருண் எடுத்துக்கொண்டு போனான். காலையில் ஆஸ்டின் டவுனின் அந்தச் சின்னத் தெருவை அடைத்துக்கொண்டு வந்து நின்றது வேறொன்று. கறுப்பு நிறம், நல்ல உயரம், கொழுத்த முகம். மாலை பாதி வழியிலேயே தீர்ந்துவிட, தருண் அதன் நுனியை டேப் போட்டு ஒட்டினான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தான்.

"எப்படிம்மா இருக்கு சர்ப்ரைஸ்?"

"நல்லாயிருக்குப்பா."

வேறு எதைச் சொல்லியிருக்கலாம் என்று அதற்கப்புறம் எத்தனையோ தடவை யோசித்திருக்கிறாள்.

பழைய வண்டியை வாங்கியது அவள் கணவர் கோவிந்தராஜன். வாங்கினாரே தவிர ஓட்டவில்லை. டிரைவிங் கிளாஸில் எதிரே ஒரு எருமை வந்ததும் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவர் அவர். பணம் கட்டிய வகுப்பு வீணாகக்கூடாது என்று வனஜா போய்க் கற்றுக்கொண்டாள். கடைசிவரை அவள்தான் ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக், பிரேக்" என்று சொல்லிக்கொண்டு வருவார். அவர் போன பிறகு, "வண்டிய யார் பேருக்கும்மா மாத்தறது?" என்று தருண் கேட்டான். "உன் பேர்லயே மாத்திக்கோ, எனக்கெதுக்கு?" என்றாள். காகிதத்தில் அது ஒருநாளும் அவளுடையதாக இருந்ததில்லை. அதனால் அதைக் கொடுத்துவிட அவளைக் கேட்க வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

உருண்டை விளக்கு வைத்த அந்தப் பழைய வண்டிக்குத் தெருவில் சோப்பு டப்பா என்று பெயர். சனிக்கிழமை சாயங்காலமானால் எதிர்வீட்டுக் கேத்தரின் மெழுகுவத்திப் பொட்டலத்தோடு வந்து அதில் ஏறிக்கொள்வாள். சிவாஜிநகர் மாதா கோயிலில் அவள் நவநாள் ஜெபத்தில் இருக்கும்போது வனஜா மார்க்கெட்டில் காய் வாங்குவாள். போக வரத் தெருவெல்லாம் நெரிசல். அந்த நெரிசல்தான் இருவருக்கும் வேண்டியிருந்தது. கேத்தரின் வீட்டில் அவள் புருஷன் டென்சில் இருப்பார், வனஜா வீட்டில் தருண் இருப்பான். சோப்பு டப்பாவுக்குள் மட்டும் யாரும் இல்லை. டென்சில் மறுபடி குடிக்க ஆரம்பித்ததை கேத்தரின் அழுதுகொண்டே சொன்னது அங்கேதான். கோவிந்தராஜன் இல்லாத வீட்டில் தனக்கு எதைக் கண்டு பயம் என்று வனஜா சொன்னதும் அங்கேதான். கேத்தரின் பக்கத்து ஜன்னல் கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. மழை வந்தால் குடையை அந்த இடைவெளியில் செருகிக்கொண்டு பேசுவார்கள்.

புது வண்டியையும் வனஜா ஓட்டிப் பார்த்தாள். சாவி திருகுகிற வேலையில்லை, பொத்தானை அமுக்கினால் போதும். கிளட்ச் கிடையாது, கியர் தானே மாறும். "இடது காலுக்கு வேலையே இல்லம்மா, அத ஓரமா வெச்சுக்கோ" என்று தருண் சொல்லிக் கொடுத்தான். தலைக்குப் புரிந்தது. முதல் சனிக்கிழமை ஒரு பள்ளம் வந்ததும் இடது கால் தன் பழைய வேலையைச் செய்தது. கிளட்ச் என்று நினைத்து முழு பலத்தோடு மிதித்தது. மிதிபட்டது பிரேக். வண்டி அப்படியே குத்தி நின்றது. மெழுகுவத்தியெல்லாம் கீழே சிதறியது.

"மை காட் வனஜா! மாதா கோயிலுக்குன்னு சொல்லிட்டு மாதாகிட்டயே அனுப்பிடுவ போலிருக்கே!"

இருவரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் மோதி விழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு எழுந்துகொண்டிருந்தாள். "ஏனம்மா, நோடி ஓட்சக்காகல்வா?" என்று கத்தினாள். பார்த்து ஓட்டத் தெரியாதா என்று அவள் கன்னடத்தில் கேட்டதும் வனஜா இறங்கிப் போய் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்தினாள். தருணை வரவழைத்து வண்டியை எடுத்துப் போகச் சொன்னாள். அன்றோடு சாவி தருணின் பையிலேயே தங்கிவிட்டது. கேத்தரின் ஆட்டோவில் போக ஆரம்பித்தாள். வனஜாவும் கூடப் போய்ப் பார்த்தாள். ஆட்டோ சத்தத்தில், அதுவும் டிரைவரின் முதுகுக்குப் பின்னால், என்ன பேசுவது?

அடுத்த ஆயுத பூஜை நெருங்கும்போது கேத்தரின் செய்தித்தாளை ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏய், உன் சோப்பு டப்பா திரும்ப வருதாம்! அதே பேரு, அதே முகம். கம்பெனிக்கே புத்தி வந்துடுச்சு பாரு!"

அன்றிரவு வனஜா தூங்கவில்லை. மறுநாள் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு தருணோடு ரெசிடென்சி ரோடு ஷோரூமுக்குப் போனாள். தூரத்திலிருந்து அந்த உருண்டை விளக்குகளைப் பார்த்ததும் அவள் நடை வேகமானது.

"வாங்க மேடம், உட்காருங்க" என்று விற்பனைக்காரர் கதவைத் திறந்துவிட்டார்.

உட்கார்ந்தாள். கை தானாகக் கதவில் கண்ணாடி இறக்கும் கைப்பிடியைத் தேடியது. அங்கே வழவழவென்று ஒரு பொத்தான். எதிரே டாஷ்போர்டு அகலத்துக்கு ஒரு திரை, அவளுக்கு வணக்கம் சொன்னது. இடது காலை நீட்டினாள்.

"கிளட்ச் எங்கப்பா?"

"ஆட்டோமேட்டிக் மட்டும்தான் மேடம். இப்போ யாரு கிளட்ச் கேக்கறாங்க?"

"நான் கேக்கறேனே."

அவர் சிரித்தார். வனஜா இறங்கி, விளக்கின் வளைவை ஒருமுறை தடவிவிட்டு வெளியே வந்தாள்.

கார்களின் திரைக்கு மென்பொருள் எழுதுவதுதான் தருணுக்கு வேலை. வழியில் அவனே ஆரம்பித்தான்.

"பழசையே அப்படியே செஞ்சா என்னன்னு ஆபீஸ்லயும் பேசுவாங்கம்மா. முடியாது. ஏர்பேக் இல்ல, தகரம் அவ்ளோ மெல்லிசு. ஹெப்பாள்ல அதே மாடல் ஒண்ணு நசுங்கிக் கெடந்தத நான் பாத்தேன். ஓட்டினது உன் வயசு லேடி. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

இதை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. வனஜா அவன் பக்கம் திரும்பினாள்.

"அத அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். அப்புறம் ஒருவேளை நானே உன்கூட வந்து, கிளட்ச் இருக்கற வண்டியா ஒண்ணு பாத்து எடுத்திருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "அது இப்ப எங்கடா இருக்கு?"

"ஸ்கிராப்புக்குப் போயிடுச்சும்மா."

சிக்னலில் வண்டி நின்றது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த அவளுடைய இடது கால் வெறும் தரையை ஒருமுறை மிதித்து விட்டது. தருண் அதைப் பார்த்தான்.

"கிளட்ச் வண்டியே ஒண்ணு எடுத்துக்கலாம்மா. இப்பவும் கெடைக்குது."

"அந்தப் பொண்ணோட முழங்கைய நான் பாத்தேன்டா. இனிமே ஓட்ட மாட்டேன்."

"அப்போ சனிக்கிழமை கேத்தரின் ஆன்ட்டிய நான் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா."

"வருவா. வந்து, 'எப்படி இருக்க தம்பி, வேலையெல்லாம் எப்படிப் போகுது'ன்னு கேப்பா. நானும் சும்மா உக்காந்திருப்பேன்."

அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. மார்க்கெட்டருகே பூக்காரியிடம் வண்டியை நிறுத்தினான். நாளைக்கு ஆயுத பூஜை. பூக்காரி சாமந்திச் சரத்தைக் கையில் அளந்தபடி, "எவ்ளோக்கா?" என்றாள்.

வனஜாவின் வாய் வரை பழைய அளவு வந்தது. திரும்பி, தெருவில் நின்ற கறுப்பு வண்டியின் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நீளமாவே குடும்மா. பெரிய வண்டி."