காற்று மிஷினில் ஒட்டிய உபயம்

உபயம் என்று பெயர் போடாமல் எங்கள் ஆட்கள் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்ததில்லை. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தைவிட எங்கள் பெயர்தான் அதிகம். நான் அம்சவேணி, டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டித் தமிழர்கள் நடத்தும் சின்ன டிரஸ்டின் செயலாளர். முப்பத்திரண்டு வருடம் மத்திய அரசில் ஃபைல் பார்த்தவள். எனக்குக் கோபம் வரும். தப்பு யாருடையது என்று பார்ப்பதற்கு முன்பே வந்துவிடும், அதுதான் கோளாறு.

எங்கள் பிளாக்கில் நாலு வீட்டுக்குச் சமைக்கிற வடிவு, குப்பை எரிக்கும் ஆலை ஒன்றின் பின்பக்கம் குடியிருக்கிறாள். அவள் மகள் உதயாவுக்கு ஏழு வயது, மூச்சு இழுப்பு. பள்ளிக்கூடம் போன நாளைவிட ஆஸ்பத்திரி போன நாள் அதிகம். அந்த ஆலையில் இன்னொரு உலை வைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் வரப்போகிறது. வடிவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் எதிர்த்துக் கிளம்பியிருந்தார்கள்.

நாங்கள் பெரிய மனசு பண்ணி, பத்து ஏர் ப்யூரிஃபையர் தருகிறோம் என்றோம். வடிவு சிரித்துவிட்டாள்.

"எங்க ஊட்டுக் கதவுக்குக் கீழ எலி போய்ட்டு வருதுக்கா. அதை வச்சு என்னா பண்றது? காத்தை அளக்குற மிஷின் ஒண்ணு குடுங்க. வக்கீலம்மாவுக்கு ஃபீஸ் குடுங்க. கூட்டத்துக்கு வர்ற பொம்பளைங்களுக்கு அன்னிக்குக் கூலி போயிடும், அதைக் குடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

கூலியில் எங்கே பெயர் எழுதுவது என்று டிரஸ்டில் முனகினார்கள். சண்டை போட்டுத்தான் வாங்கிக் கொடுத்தேன். மிஷினை நானே கொண்டுபோய் அவள் ஜன்னலுக்கு மேல் மாட்டி, என் கையாலேயே ஸ்டிக்கரும் ஒட்டிவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து வடிவு வந்தாள். முகமே சரியில்லை.

"அக்கா, மிஷின்ல தூசிக் கணக்கு முப்பதைத் தாண்டவே மாட்டேங்குது. காத்து சுத்தம்னு காட்டுது. ஆலைக் கம்பெனி ஆளு அந்தக் கணக்கை நெட்ல பாத்துட்டு, இதையே கூட்டத்துல படிக்கப்போறானாம்."

நவம்பர் மாத டெல்லியில் முப்பது என்றால் மிஷினே வெட்கப்பட வேண்டும்.

"கரித்துணி ஏதாச்சும் மேல போட்டு வச்சிருப்பே. ஒரு பொருளைக் குடுத்தா ஒழுங்கா வச்சுக்கத் தெரிய வேணாமா?" என்று கத்திவிட்டேன்.

"வந்து பாருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

போய் ஸ்டூல்மேல் ஏறினேன். பெட்டியின் பக்கவாட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள், காற்று உள்ளே போகிற வழி. அதை அடைத்துக்கொண்டு பளபளவென்று எங்கள் டிரஸ்டின் உபயம். எல்லார் கண்ணிலும் படட்டும் என்று இடம் தேடி ஒட்டிய மகராசி நான்தான். உரித்தேன். பத்தே நிமிடத்தில் முந்நூறைத் தாண்டியது. உள்ளே உதயா இருமிக்கொண்டிருந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

"தப்பு என்னோடது வடிவு. உன்னைப் போய்த் திட்டினேன் பாரு."

"அதை உடுங்கக்கா. கூட்டத்துக்கு ஒம்போது நாளுதான் இருக்கு. அங்க வந்து இதைச் சொல்லுவீங்களா?"

என் வீட்டுக்காரர் கருப்பசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "மிஷின் ரிப்பேர்னு சொல்லிட்டுப் போ. எதுக்கு ஊரைக் கூட்டி நம்ம மானத்தை ஏலம் விடுறே?" எனக்கும் அந்த ஆசை இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் ரிப்பேர் மிஷின் என்றால் பிறகு வந்த முந்நூறையும் யார் நம்புவார்கள்?

கூட்டத்தில் கம்பெனி ஆள் முப்பது, முப்பது என்று படித்து முடித்தார். நான் உரித்த ஸ்டிக்கரைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன்: "இது ஒட்டியிருந்தவரைக்கும் முப்பது. எடுத்த பிறகு ஒன்பது நாளும் முந்நூறுக்குக் குறையவில்லை. எங்கள் பெயர் தெரிய வேண்டும் என்று ஒட்டியவள் நான்தான்." சபையே சிரித்தது. காது சுட்டது. ஆனால் கூட்டத்தை நடத்திய அதிகாரி சிரிக்கவில்லை, ஸ்டிக்கரை வாங்கிப் பார்த்தார். அப்புறம் வடிவு பேசினாள். அவளுக்குப் பின்னால் கூலியை விட்டுவிட்டு வந்த நாற்பது பெண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒரு மாதம் வெளியாட்களை வைத்து நாலு இடத்தில் காற்றை அளந்து பார்க்காமல் உலைக்கு அனுமதி கிடையாது என்று அன்றைக்கே எழுதினார்கள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று, மீதியையும் தாண்ட வேண்டும் என்றார் வக்கீலம்மா.

டிரஸ்டில் இன்னும் மூன்று மிஷின் வாங்கினோம், பெயர் இல்லாமல். மிச்சமிருந்த இருநூறு ஸ்டிக்கரை வடிவு கேட்டு வாங்கிப்போனாள். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது தெரிந்தது. ஜன்னல் இடுக்கு, கதவுச் சந்து, தகரக் கூரையின் விரிசல், எல்லாவற்றிலும் வரிசையாக எங்கள் உபயம். உதயா கட்டிலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது.

"ஆன்ட்டி, இதுல க்யா லிக்கா ஹை?" என்று சுவரைக் காட்டிக் கேட்டாள்.

"புகையே, உள்ள வராதேன்னு எழுதியிருக்கு" என்றேன்.