முன்வாசல் வழியாகத்தான்

பக்கிரி செத்துப்போனது பால்காரன் வருவதற்கு முன்னால். அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று முடிவானது, அந்தப் பால் காய்வதற்குள்.

முடிவு செய்தவன் மேனேஜர் இளங்கோவன். பாகூரிலிருந்து சோரியாங்குப்பம் போகும் சாலையில், கரும்பு வயல்களுக்கு நடுவே இருந்த அந்த முதியோர் இல்லத்தில் எல்லா முடிவையும் அவன்தான் எடுப்பான். எடுத்துவிட்டு, "மொதலாளி சொன்னாரு" என்பான்.

அன்று புதுக் கட்டடத் திறப்பு விழா. வாசலில் பந்தல், வாழைமரம், பாகூரிலிருந்து நாயனம். பட்டணத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து குத்துவிளக்கு ஏற்றப்போகிறார். இந்த நேரம் பார்த்தா ஆண்கள் ஹாலில் ஜன்னலோரக் கட்டில்காரர் மூச்சை நிறுத்துவார்?

இளங்கோவன் நேராக மைக் இருக்கும் அறைக்கு ஓடினான். அங்கே மணியம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மணியம்மாளின் குரல் அந்தப் பக்கத்தில் பிரசித்தம். வில்லியனூர்க் கடைத்தெருவில் புருஷனோடு மளிகைக்கடை நடத்தியவள். புருஷன் போன பிறகு பிள்ளைகள் கடையை விற்றார்கள், வீட்டை விற்றார்கள், அம்மாவை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். குரலை மட்டும் யாராலும் விற்க முடியவில்லை. தினமும் காலையில் பக்திப்பாட்டு ரெக்கார்டு முடிந்ததும் அவள் மைக்கைப் பிடிப்பாள். கண் தெரியாதவர்களுக்காகப் பேப்பர் படிப்பாள். பிறகு இல்லத்துச் செய்தி: யாரைப் பார்க்க யார் வந்தது, யாருக்குக் காய்ச்சல் விட்டது, யாருடைய பல்செட் குழாயடியில் கிடைத்தது. மொட்டைமாடிக் குழாய் ஸ்பீக்கர் வழியாக ஊருக்கே கேட்கும். வயலில் இருப்பவர்கள்கூட அந்த நேரம் மண்வெட்டியை நிறுத்துவார்கள்.

"ஆயா, இன்னிக்குச் செய்தியில ஒண்ணு சேத்துக்க" என்றான் இளங்கோவன். "பக்கிரித் தாத்தாவ அவரு பொண்ணு வந்து காட்டேரிக்குப்பத்துக்குக் கூட்டிக்கினு போயிடுச்சி. அவ்ளோதான்."

"எப்ப வந்துச்சி?"

"காலைல."

"மொத பஸ்ஸே இன்னும் வரல. பறந்து வந்துச்சா?"

இளங்கோவன் கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்தினான்.

"போயிட்டாரு ஆயா. இன்னா பண்ணச் சொல்ற? விழா நடக்குற நாளு. ஜீப்பு பின்பக்கமா வருது. சாயங்காலமா பொண்ணு வூட்டுல செத்துட்டாருன்னு சொல்லிக்கலாம்."

மணியம்மாளின் கை கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தியது. நேற்று ராத்திரிகூட அந்த மனுஷன் சீட்டு விளையாட்டில் ஏமாற்றிப் பிடிபட்டு, வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த இல்லத்தில் இதுவரை யாருமே செத்ததில்லை. ராமாயி மகன் வீட்டுக்குப் போனாள். தங்கவேல் அண்ணன் வீட்டுக்குப் போனார். இரண்டு பேரும் போனது பின்கேட் வழியாக, கரும்புக்கு நடுவில், தார்ப்பாய் போர்த்திய ஜீப்பில். நேராகச் சுடுகாட்டுக்கு. அந்த இரண்டு நாளும் மைக்கில் செய்தி சொன்னவன் இளங்கோவன்தான். சாவு வீடு என்று பேர் வந்துவிட்டால் யாரும் பெற்றவர்களைக் கொண்டுவந்து விடமாட்டார்கள், யாரும் நன்கொடை தரமாட்டார்கள் என்பது முதலாளி சேதுராமனின் கணக்கு.

தங்கவேல் போன ஜீப்பை ஜன்னல் வழியாகப் பார்த்தவர் பக்கிரி. காலமெல்லாம் கரும்பு வண்டி ஓட்டியவர். அன்று மணியம்மாளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "என்ன அப்புடி மூட்டையாட்டம் எடுத்துக்கினு போனானுங்கன்னா, நடுவழியில எழுந்து உக்காந்துடுவேன், ஆமா. நீ மைக்குல சொல்லணும் மணியம்மா. மோளம் அடிக்கணும். முன்வாசல் வழியாத்தான் நான் போவணும்."

"சொல்லிட்டேன்னு வெச்சிக்க" என்றிருந்தாள் அவள்.

வாக்கு கொடுத்தாயிற்று.

"சரி, நீ போயி பந்தலப் பாரு" என்றாள் இளங்கோவனிடம்.

அவன் நம்பிப் போனான். வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற தையலம்மாள் உள்ளே நுழைந்தாள். மணியம்மாளுக்குப் பக்கத்துக் கட்டில்காரி. நிழலைக் கண்டாலும் பயப்படுபவள்.

"வேணாண்டி மணி. வெளிய தள்ளிடுவானுங்க. எங்க போவ நீ? ஒனக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்புறம்?"

"அதனாலதான் சொல்லப் போறேன். எனக்கு நாளைக்கு யாரு சொல்லுவா?"

ரெக்கார்டு முடிந்தது. மணியம்மாள் மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

"ஊர்ல உள்ள எல்லாருக்கும் தகவல். நம்ம இல்லத்துல இருந்த பக்கிரி இன்னிக்குக் காலையில தவறிட்டாரு. மகள் வூட்டுக்குப் போவல. இங்கியேதான் இருக்காரு. கட்டில்லியே இருக்காரு. அவர எடுக்கிறது..."

பட்! ஸ்பீக்கர் செத்தது. இளங்கோவன் பியூஸைப் பிடுங்கிவிட்டான்.

ஆனால் போன சொல் போனதுதான். பந்தலில் நாயனக்காரர் வாயில் வைத்த சீவாளியைக் கீழே இறக்கினார். தவில்காரர் அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் எழுந்து, நாயனத்தை உறையில் போட்டுக் கட்டினார்கள்.

"யோவ், எங்கய்யா போறீங்க?" இளங்கோவன் ஓடிவந்தான்.

"பொணத்த உள்ள வெச்சிக்கினு மங்கள வாத்தியம் வாசிக்கச் சொல்றியாப்பா? நாங்க பொழைக்க வாணாமா?"

இளங்கோவன் முன்கேட்டை இழுத்துப் பூட்டினான். சாவியை இடுப்பில் செருகினான். பின்னால் ஜீப் உறுமும் சத்தம் கேட்டது. இன்னும் நேரமிருக்கிறது. தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டால், வயதான பொம்பளை உளறிவிட்டாள் என்று சொல்லிவிடலாம். ஜீப்போடு வந்த இரண்டு ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஆண்கள் ஹாலுக்குள் பாய்ந்தான்.

பாய்ந்தவன் நின்றான்.

பக்கிரியின் கட்டிலைச் சுற்றி இல்லமே உட்கார்ந்திருந்தது. தரையில், பக்கத்துக் கட்டிலில், கட்டிலின் காலில் சாய்ந்துகொண்டு. கைத்தடிகள் குறுக்கே கிடந்தன. எல்லாருக்கும் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தவர் உலகநாதன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் சண்டை போட்ட சிப்பாய்; ஊர்ப் பேச்சில் சொல்தா. ஒரு காது மந்தம். தேவைப்பட்டால் இரண்டு காதும் மந்தம்.

"பெரியவரே, எழுந்திருங்க" என்றான் இளங்கோவன்.

"இன்னா?"

"எழுந்திருங்கன்றேன்!"

"காபி வாணாம்ப்பா. குடிச்சிட்டேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜீப் ஆள் ஒருவன் கட்டிலை நோக்கி ஓர் அடி வைத்தான். உலகநாதன் கைத்தடியை அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

"தம்பி, நான் சுட்டவங்கள்லாம் ஒன்னவிட நல்லா வளந்தவனுங்க. தாண்டு பாக்கலாம்."

அவன் தாண்டவில்லை.

அதற்குள் வெளியே கேட்டை உலுக்கும் சத்தம். மணியம்மாள் அங்கே நின்றிருந்தாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஊர். வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்தவர்கள், குழாயடிக் குடத்தோடு வந்தவர்கள். முன்னால் நடேசன். இல்லத்தைச் சுற்றியிருக்கும் கரும்பு அவருடையது. ஊருக்கு நாட்டாண்மையும் அவர்தான்.

"இன்னாம்மா, செய்தி பாதியில நின்னுபோச்சே?"

"பியூசப் புடுங்கிட்டாங்க தம்பி. மீதிய வாயால சொல்றேன் கேட்டுக்குங்க. பக்கிரி செத்துட்டாரு. பின்னால ஜீப்புல ஏத்தி, கரும்புக்குள்ளாற பூந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோயி எரிக்கப் பாக்குறாங்க. ராமாயியும் அப்புடித்தான் போனா. தங்கவேலும் அப்புடித்தான் போனாரு."

நடேசனின் முகம் மாறியது. ஹாலிலிருந்து ஓடிவந்த இளங்கோவனைக் கம்பிக்கு நடுவே பார்த்தார்.

"ஏம்பா, போன வருசம் என் வரப்ப ஒடச்சது உரவண்டின்னு சொன்னியே. உரமா அது?"

இளங்கோவன் இடுப்பிலிருந்த சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பயிர் நிக்கிற நெலத்துல பொணத்த ஏத்திக்கினு போயிருக்க. என்ன ஒரு வார்த்த கேக்காம. இனிமே அந்தப் பக்கம் ஒரு சக்கரம் எறங்கட்டும், சக்கரம் இருக்கும், வண்டி இருக்காது!"

அவர் போட்ட சத்தம் பின்பக்கம்வரை எட்டியிருக்க வேண்டும்; கரும்புப் பக்கம் உறுமிக்கொண்டிருந்த ஜீப் அடங்கியது. டிரைவர் ஊர்க்காரன்.

கூட்டத்தில் ஒருவன் இழுத்தான். "அதெல்லாம் சரி. அவரு இன்னா ஆளுங்க? எந்த வழியா எடுக்கணும், எங்க எரிக்கணும்னு ஒண்ணு இருக்குல்ல?"

மணியம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். "இந்த வூட்டு ஆளு. ஒரே ஹாலு, ஒரே குண்டான் சோறு. ஒரு தேர்தல் வுடாம ஒங்க ஊர்லதான் ஓட்டுப் போட்டாரு, அப்ப எவனும் இன்னா ஆளுன்னு கேக்கல. ரோடு கவர்மெண்டு ரோடு. வேற எதுனா கேக்கணுமா?"

அவன் வேறெதுவும் கேட்கவில்லை. நடேசன் அவனை ஒரு பார்வை பார்த்ததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அம்பாசடர் கார் வந்து நின்றது. மதகடிப்பட்டில் ஜவுளிக்கடையும் அரிசி மண்டியும் வைத்திருக்கும் சேதுராமன் பட்டுவேட்டியோடு இறங்கினார். விஷயம் புரிய அவருக்கு நிமிஷம்கூட ஆகவில்லை. வியாபாரி.

"நடேசா, செத்தவரு செத்துட்டாரு. ரெண்டு மணி நேரம் பொறுங்க. விருந்தாளி வந்து வெளக்கு ஏத்திட்டுப் போவட்டும். அப்புறம் ஒங்க இஷ்டம்."

"பொணம் கெடக்கச்சொல்ல வெளக்கு ஏத்துவீங்களா மொதலாளி? ஒங்க வூட்டுல ஏத்துவீங்களா?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. இப்பவே எடுத்துடுங்க. முன்னாலியே எடுங்க. விருந்தாளி வர்றதுக்குள்ள எடுங்க. செலவு என்னோடது."

இளங்கோவன் சாவியை எடுத்தான். கூட்டத்தில் ஒரு தளர்ச்சி. ஜெயித்தாகிவிட்டது என்று சிலர் துண்டை உதறித் தோளில் போட்டார்கள்.

"முடியாது" என்றாள் மணியம்மாள்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"காட்டேரிக்குப்பத்துல பொண்ணு இருக்கு. ஆளு போயி சொல்லணும். அது வந்து மூஞ்சியப் பாக்கணும். குளிப்பாட்டணும். கோடித்துணி போடணும். மோளம் வரணும். அவசர அவசரமா எடுக்குறதுக்கு அவரு இன்னா திருட்டுச் சரக்கா?"

சேதுராமன் கேட்டை நெருங்கி வந்தார். "இங்க பாரும்மா. இத்தினி வருசமா ஒனக்குச் சோறு போடுறவன் நான்."

"போட்டீங்க. இல்லேங்கல. தெனமும் ஒங்க பேரச் சொல்லித்தான் சாப்புடுறோம். அதுக்காவ செத்தப்புறம் நாங்க பொறந்ததே இல்லன்னு சொல்லுவீங்களா?"

"எதுத்தா பேசுற? நாளைக்கு நீ இங்க இருக்கக் கூடாது. பெட்டியக் கட்டிக்க!"

அவளுக்குப் போக இடமில்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். கேட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்குத்தான? இன்னிக்கு இருக்கேன்ல" என்றாள். "இளங்கோவா, கேட்டத் தொற. ஊரு வெளிய நிக்குது பாரு."

இளங்கோவன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி ஊரைப் பார்த்தார். அவர் மண்டியில் மூட்டை தூக்குபவர்கள், வண்டி ஓட்டுபவர்கள், அவருடைய கடையில் பொங்கலுக்குப் பொங்கல் துணி எடுப்பவர்கள். ஒருவரும் நகரவில்லை. சேதுராமன் காரில் ஏறினார். விருந்தாளியை வழியிலேயே நிறுத்தியாக வேண்டும்.

பூட்டு திறந்தது.

நடேசனின் மகன் சைக்கிளில் பறந்தான். மதியத்துக்கு மேல் மகள் வந்தாள். கேட்டிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஊர்ப் பெண்கள் பந்தலிலேயே வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். மோளம் அதிர்ந்தது. ஆண்கள் ஹாலிலிருந்து பாடை கிளம்பியபோது உலகநாதன் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

"சீட்டுல என்ன ஏமாத்தின கடன் பாக்கி இருக்குடா பக்கிரி" என்றார் சத்தமாக. மந்தக் காதுக்காரர்களுக்கு மெதுவாகப் பேச வராது.

வாழைமரங்களுக்கு நடுவே, முன்வாசல் வழியாக, ஊர்க்காரர்கள் தோளில் பக்கிரி போனார். ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள்.

கேட்டருகே இளங்கோவன் காத்திருந்தான். மணியம்மாளின் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ஆயா, மொதலாளி சொல்லியனுப்பியிருக்காரு. ஒன் பெட்டிய..."

"கட்டமாட்டேன். கருமாதி இருக்கு. அதுவும் இங்கதான் நடக்கும். அதுக்கப்புறம் அவரே வந்து எங்கிட்ட சொல்லட்டும்."

"அவரு வந்தாருன்னா?"

"வந்தா நானும் இருப்பேன்."

"நானும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தையலம்மாள். சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்பதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் ஹாலே நின்றிருந்தது, கையில் துடைப்பத்தோடும் வாளியோடும்.

மணியம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"பொணம் போன வூடு. கழுவணும். இன்னா பாத்துக்கினு நிக்கிற? போயி மோட்டாரப் போடு."

இளங்கோவன் மோட்டார் அறைப் பக்கம் நடந்தான்.